ஆலங்கொல்லை வழி வடலூர்

இந்த மே மாத லீவுக்கு நான் போக நினைத்தது கொங்கண் ரயில் பாதைக்கு. போனது மாமனார் வீட்டுக்கு. அதுவும் நெய்வேலிக்கு. கத்திரி வெயிலில் நெய்வேலிக்குச் சுற்றுலா போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன், எனவே இந்தக் கட்டுரையை அனுபவஸ்தன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா இந்த ஜூன் (2017) கடைசியில் ரிட்டயர் ஆகிறார். முப்பத்து நாலு வருடமாகப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. மண்ணை வெட்டும் ராட்சச இயந்திரத்தில் ஆபரேட்டராக இருந்து, பிறகு ஃபோர்மேன் ஆனவர். ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கப்புறம் எங்கே போவது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர். அத்தைக்கும் சந்தேகம் கிடையாது. வடலூரில் ஒரு மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டி, இங்கேயே இருந்துவிட வேண்டும். அத்தை இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வடலூர் சத்திய ஞான சபைக்குப் போய், தருமசாலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர். அவருடைய சிநேகிதிகள் முழுக்க அங்கேதான் இருக்கிறார்கள். "அம்பாசமுத்திரத்துல இறங்குனா பஸ் ஸ்டாண்டுல என்னை யாருக்குத் தெரியும்? அங்க போயி நான் சுவரோடயா பேசட்டும்?" என்று என் மனைவி மீனாவிடம் போனில் அழுதிருக்கிறார்.

மாமாவின் கட்சி வேறு. "கம்பெனி பஸ்ஸையும் கம்பெனி ரோட்டையும் எடுத்துட்டா இந்தப் பக்கம் என்ன இருக்கு? ஒரு பஸ்ஸு ஒழுங்கா வருமா, ஒரு ரயில் ஒழுங்கா வருமா? வயசான காலத்துல நடுரோட்டுல நிக்கணுமாக்கும்?" அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் பந்தயம். கார் கிடையாது, கம்பெனி வண்டி கிடையாது. அத்தை சொல்லும் இடத்துக்கெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் போய், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டால் மாமா ஊர்ப் பேச்சை எடுக்கக் கூடாது. ஒரு நாள் இருட்டிவிட்டாலும் மூட்டை கட்டி அம்பாசமுத்திரம். "நீங்கதான் பஸ் பைத்தியமாச்சே, போய் நடுவரா இருந்துட்டு வாங்க" என்று மீனா என்னைச் சென்னையிலிருந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

போகிற வழியெல்லாம் எனக்கு வேறு கவலை. கோயம்புத்தூர்க்காரன், எனக்கு இரண்டு ஊருமே பொதுதான். ஆனால் மாமியார் பக்கம் தீர்ப்புச் சொன்னால் மாமனார் முகம் சுருங்கும், மாமனார் பக்கம் சொன்னால் பொங்கலுக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது.

இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன வரைபடம், வாயாலேயே. கடலூர் மாவட்டத்தில் கடலை ஒட்டி ஒரு ரயில் பாதை: விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம் என்று மயிலாடுதுறைக்கு இறங்குவது. இதுதான் பழைய மெயின் லைன். உள்ளே தள்ளி இன்னொரு பாதை: விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன். தெற்கே போகிற பெரிய ரயில்கள் பெரும்பாலும் இதில்தான் பறக்கும். இரண்டையும் இணைக்கும் ஏணிப்படி மாதிரி ஒரு கிளைப் பாதை, கடலூர் துறைமுகத்திலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்கு. இந்தப் பாதைகளில் ரொம்ப காலம் மீட்டர் கேஜ் வண்டிகள்தான் ஓடின. மெயின் லைனை அகலப்பாதையாக மாற்றிய காலத்தில் சில வருடங்கள் ரயிலே இல்லாமல் மொத்த ஜனமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது. அப்போது பஸ்ஸுக்குப் பழகியவர்கள் பலர் இன்னும் ரயில் பக்கம் திரும்பவில்லை. சாலையில், விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி ஓரம், வடலூர் என்று மாவட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது. கடலூர்–விருத்தாசலம் சாலை அதை வடலூரில் சந்திக்கிறது. ஆகவே வடலூரில் நின்றால் எந்தத் திசைக்கும் ஏதோ ஒரு பஸ் கிடைக்கும். அத்தையின் வாதத்துக்கு இதுதான் ஆணிவேர்.

முதல் நாள், சனிக்கிழமை. ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. ஆறரைக்கே மாமா குளித்து, சவரம் செய்து, ஃபுல் கை சட்டையை இன் பண்ணி, கையில் டிபன் பாக்ஸுடன் வாசலில் நின்றார். ஷிப்டுக்குப் போகிற அதே கோலம். முப்பத்து நாலு வருடம் பழகிய உடம்புக்கு வேறு மாதிரி கிளம்பத் தெரியவில்லை.

டவுன்ஷிப் பஸ் நிலையத்தில் பண்ருட்டி பஸ் நின்றிருந்தது. மாமா ஏறினார். நேராக மூன்றாவது வரிசை, இடது பக்க ஜன்னல் சீட்டுக்குப் போனார். அங்கே ஒரு அம்மா மடியில் பையுடன் உட்கார்ந்திருந்தார். மாமா நகரவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தபடியே நின்றார். பிறகு மிக மரியாதையாக, "இது நம்ம சீட்டு" என்றார்.

"ஏங்க, பேரு எழுதி வச்சிருக்குதா?" என்றார் அந்த அம்மா.

பின்னால் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் என்னவென்றால், ஷிப்ட் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு சீட். யாரும் ஒதுக்குவதில்லை, அதுவாகவே அமைந்துவிடும். பத்து வருடம் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்தவன் தெரியாமல் உட்கார்ந்தால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். மாமாவுக்கு மூன்றாவது வரிசை, இடது ஜன்னல். அரசு பஸ்ஸிலும் அந்த இடம் தனக்காகக் காத்திருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார் பாவம். அது போதாதென்று கண்டக்டர் வந்ததும் சட்டைப் பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கண்டக்டர் அதை வாங்கிப் படத்தையும் ஆளையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. டிக்கெட்டு எத்தினி?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மாமாவும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டவுன்ஷிப்பின் அகலமான நிழல் சாலைகள் முடிந்து நெடுஞ்சாலைக்கு வந்ததும் வெயில் முகத்தில் அறையும். காடாம்புலியூர் பக்கம் சாலை ஓரமெல்லாம் முந்திரிக்கொட்டைக் கடைகள், பலாக் குவியல்கள். தானே புயலில் இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். புதிதாக வைத்த கன்றுகள் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டன. பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

பண்ருட்டியில் பலா மண்டிக்குள் நுழைந்தால் வாசனையே பாதி வயிற்றை நிரப்பிவிடும். இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பயணத்தின் ஆரம்பத்தில் முழுப் பலாப்பழம் வாங்காதீர்கள். மாமா வாங்கினார். "சுரங்கத்துல வேலை பாத்தவன் மாப்ள, இதெல்லாம் ஒரு பாரமா?" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் வைத்தார். அன்று முழுக்க, கடற்கரை உட்பட, அந்தப் பழம் என் தோளில்தான் ஊர் பார்த்தது.

பண்ருட்டி–கடலூர் பஸ் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று. அத்தை மாமாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஏறினார். நெல்லிக்குப்பம் வழியாக ஒரு மணி நேரப் பயணம், பக்கத்திலேயே ரயில் பாதையும் கூடவே வரும். கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கினால் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். ஊர் பெரிதாக வளர்ந்தது இந்தப் பக்கம். ஆனால் ஜங்ஷன் இங்கே இல்லை, நாலைந்து கிலோமீட்டர் தெற்கே பழைய ஊரில் இருக்கிறது. பலகையில் கடலூர் துறைமுகச் சந்திப்பு என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் அது ஓ.டி. (ஓல்ட் டவுன்) தான். இந்த இரண்டு ஸ்டேஷன் குழப்பத்தில் வண்டியைக் கோட்டைவிட்ட வெளியூர்க்காரர்கள் ஏராளம். நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன், ஆகையால் சிரிக்கமாட்டேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு டவுன் பஸ். மதிய வெயிலில் மணல் அடுப்பு மாதிரி கொதித்ததால் ஒரு கடையின் பந்தலுக்குள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். புளிச்சோறும் உருளைக்கிழங்கும். மூன்று மணிக்கு மேல் பழைய ஊருக்கு வந்து துறைமுகப் பக்கம் நடந்தோம். இங்கே பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது, தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைப் படகுகளில் ஏற்றி உப்பனாற்று வழியாக உள்ளே கொண்டுவருவார்கள். ரயில் பாதை இவ்வளவு பக்கத்தில் வந்ததே அந்தச் சரக்குக்காகத்தான். இப்போது பார்க்கிறவர் கண்ணில் படுவதெல்லாம் மீன்பிடிப் படகுகள். மாமா அரை மணி நேரம் ஒரு படகிலிருந்து ஐஸ் பெட்டிகள் இறக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாரம் தூக்குகிற வேலை எது கண்ணில் பட்டாலும் அவர் அப்படித்தான் நிற்பார்.

மாலைப் பாசஞ்சர் ஐந்தரை சுமாருக்குக் கிளம்பியது. நெய்வேலிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பத்து ரூபாய் டிக்கெட். ஒரு டீயும் வடையும் சேர்ந்தால் இதைவிட அதிகமாகிவிடும். சரியாக ஓடினால் ஆறரைக்குள் ஸ்டேஷன், ஏழுக்குள் வீடு. காற்று உள்ளே அடித்தது, அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எதிர் சீட்டுப் பெண்ணிடம் பந்தயக் கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். "செயிச்சிட்டீங்கக்கா" என்றாள் அவள்.

குறிஞ்சிப்பாடியில் வண்டி நின்றது. ஒற்றைப் பாதை, எதிரே சரக்கு வண்டி வருகிறது என்றார்கள். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சூரியன் இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு கவனமாக நான் வேறெந்த அஸ்தமனத்தையும் பார்த்ததில்லை. ஒருவழியாக அந்தச் சரக்கு வண்டி வந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து போனது. எங்கள் வண்டி நகர்ந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். நெய்வேலி ஸ்டேஷன் டவுன்ஷிப்பிலிருந்து தள்ளி இருப்பது வேறு. ஆட்டோ பிடித்து வீடு சேரும்போது தெருவில் நல்ல இருட்டு.

"பாத்தீங்கல்லா மாப்ள? நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மாமா. சொல்லவில்லைதான். ஆனால் செருப்பைக் கழற்றும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தார். அத்தை சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் பேசின. சாப்பாடு போட வந்தபோது கண் சிவந்திருந்தது. மீனாவுக்குப் போன் செய்து ரயில்வேயின் மேல் பழியைப் போட்டேன். "அம்மா தோத்துட்டாங்க, அதானே?" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அத்தைதான் பேசினார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் சபைக்குப் போகணும். போற வழியில நான் பாத்து வச்சிருக்கிற மனைய ஒரு தடவ பாத்துட்டு வருவோம். வாங்க வேண்டாம். பாத்துட்டாவது வருவோம்." ஜெயித்த மனுஷன் தாராளமாக இருப்பார் அல்லவா, மாமா உடனே சரி என்றார்.

மாமாவின் கைக்கடிகாரத்துக்குப் பட்டை மாற்ற வேண்டுமென்று முதலில் மந்தாரக்குப்பம் போனோம். டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்தை நம்பி வளர்ந்த கடைத்தெரு. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முன் மாமா இரண்டு வருடம் இங்கேதான் வாடகை அறையில் இருந்திருக்கிறார். வேலை முடிந்து பார்த்தால் வடலூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பஸ்ஸெல்லாம் எதுக்கு? இங்கேருந்து குறுக்கு வழி ஒண்ணு இருக்கு மாப்ள. பேச்சிலரா இருந்தப்ப சைக்கிள்ல போவேன். ஆலங்கொல்லைன்னு ஒரு ஊரு, அதுக்குள்ள பூந்து போனா வடலூரு." சொல்லிக்கொண்டே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்.

முதல் வண்டிக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். செல்வராசு என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"வடலூர் போகணும். ஆலங்கொல்லை வழியா" என்றார் மாமா.

செல்வராசு துண்டால் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எது வழியாங்க?"

"ஆலங்கொல்லை. தெரியாதா?"

"தெரியுங்க" என்றார். "ஏறுங்க."

அத்தை, நான், மாமா, எங்கள் காலடியில் பலாப்பழம். அது இரவோடு பழுத்து வீடெல்லாம் மணந்ததால் சபையில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அத்தை எடுத்து வந்திருந்தார். வண்டி பெரிய சாலையை விட்டு இறங்கியது. கொஞ்ச தூரம் தார் இருந்தது, பிறகு சரளை, பிறகு கருவேல முள். "இந்த வளைவு ஞாபகம் இருக்கு" என்று மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்தா வந்துடும் பாருங்க, ஒரு டீக்கடை இருக்கும்." செல்வராசு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். சுமார் மூன்று கிலோமீட்டர் போனதும் சாலை நேராக ஒரு மண்மேட்டில் போய் முட்டி நின்றது. மேலே கம்பி வேலி. செல்வராசு எஞ்சினை அணைத்தார்.

"என்னப்பா, ரோடு எங்க?"

"இதாங்க ரோடு. மீதி உள்ள இருக்குது."

மேட்டில் ஏறி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கீழே சுரங்கம். அதன் ஆழத்தை எனக்கு எழுதிக் காட்டத் தெரியவில்லை. படி படியாக வெட்டின மண், ஒவ்வொரு படியும் (சுரங்கத்தில் பெஞ்ச் என்பார்கள்) ஒரு மைதான அகலம், அடியில் கருப்பு. தூரத்தில் மாமா ஓட்டின மாதிரி ஒரு இயந்திரம், அந்தத் தூரத்தில் விளையாட்டுச் சாமான் அளவுக்குத் தெரிந்தது. நீளமான கன்வேயர் பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தா, ரெண்டாவது பெஞ்ச். அதுல நான் எட்டு வருஷம் இருந்திருக்கேன்" என்றார் என்னிடம், பழக்கமான இடத்தைக் காட்டுகிற குரலில். அதற்கப்புறம்தான் அவருக்கே உறைத்தது. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "உள்ள இருக்கும்போது மேல என்ன இருந்துச்சுன்னு தெரியாது மாப்ள. ஷிப்ட் பஸ்ஸு கேட்டுக்குள்ள கொண்டு விடும், திருப்பிக் கொண்டாந்து விடும். கீழ எல்லாத்துக்கும் நம்பர்தான். பெஞ்ச் நம்பர், லைன் நம்பர். ஊரு பேரு யாரும் சொல்ல மாட்டாங்க. சில ஊரு போச்சுன்னு தெரியும். இந்த ரோடு போச்சுன்னு..." குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. சைக்கிளில் போன சாலை அது பாட்டுக்கு இருக்கும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார்.

செல்வராசு பக்கத்தில் வந்து நின்றார். "அந்தா பெல்ட்டு போவுது பாருங்க, அதுக்கு நேர் மேல எங்க வூடு" என்று கையை நீட்டினார். அவர் விரல் காட்டிய இடத்தில் வெறும் ஆகாயம்தான் இருந்தது. ஒரு கொக்கு பறந்து போனது.

"உனக்கு ஆலங்கொல்லையாப்பா?" என்றார் அத்தை.

"ஆமாங்கம்மா. மாத்து எடம் குடுத்தாங்க, அங்க இருக்கோம். தண்ணி வருது, ரோடு இருக்குது, கொறை ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் உள்ளதான் கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சிகினு இருக்கான்."

மாமா மெதுவாகக் கேட்டார், "ரோடு இல்லன்னு ஸ்டாண்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாங்க." செல்வராசு சிரித்தார். சங்கடமான சிரிப்பு. "ஸ்டாண்டுல தெனம் அந்த ஊருக்கு வா, இந்த ஊருக்கு வான்னு கூப்புட்டுகினே இருப்பாங்க. எங்க ஊரு பேர சொல்லி சவாரி கேட்டதில்லீங்க ஒருத்தரும். இருவது வருஷத்துல நீங்கதான் மொத ஆளு. கேட்ட ஒடனே கை அதுவா வண்டிய எடுத்துடுச்சு."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார் செல்வராசு. நெய்வேலியில் யாரும் யாரையும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். டவுன்ஷிப்பில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். நாற்பது வருடம் இருந்தாலும் நெய்வேலி என்று சொல்ல மாட்டார்கள், பூர்விகத்தைத்தான் சொல்வார்கள்.

"அம்பாசமுத்திரம் பக்கம்" என்றார் மாமா, வழக்கம் போல.

"அடிக்கடி போய்க்கினு வந்துகினு இருப்பீங்க."

மாமா யோசித்தார். "போயி ஆறு வருஷம் இருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போனது."

"அட, போங்க சார்!" செல்வராசு நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஊரு இருக்குது இல்ல?"

மாமா மேட்டிலிருந்து இறங்கிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பிப் பெரிய சாலை வழியாக வடலூர் வந்தோம்.

மனை மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பக்கத்திலேயே பஸ் நிறுத்தம். அத்தை எதையும் புகழவில்லை, தோற்றவர் போல ஒதுங்கி நின்றார். மாமாதான் நாலு மூலையும் நடந்து பார்த்தார், மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார், கிணறு எத்தனை அடி என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார். பலாப்பழத்தை செல்வராசுவிடம் அத்தை கொடுத்தபோது, "பலா வெளையுற ஊர்க்காரனுக்கே பலாப்பழமாம்மா?" என்று சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்.

சபைக்குப் போனோம். தைப்பூசத்தில் மட்டும் வந்து பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் சாதாரண ஞாயிறு தெரியாது. அகலமான வெளி, அமைதி, தருமசாலையில் பசித்து வந்த எல்லோருக்கும் சாப்பாடு. அத்தையைக் கண்டதும் நாலைந்து பெண்கள், "என்னாக்கா இவ்ளோ நேரம்?" என்று இடம் விட்டு நகர்ந்தார்கள். அத்தை உட்கார்ந்த விதத்தில் மூன்றாவது வரிசை இடது ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்த இடம் அவருடையது. யாரோ மாமா முன்னாலும் ஒரு பூசணிக்காயையும் கத்தியையும் வைத்துவிட்டார்கள். இருபது வருடத்தில் அவர் இங்கே ஞாயிற்றுக்கிழமை வந்ததே இல்லை, ஷிப்ட் இருக்கும் அல்லது தூக்கம் இருக்கும். சுரங்கத்து மண் மாதிரி பெரிய பெரிய கட்டிகளாக வெட்டினார். பெண்கள் அதை வாங்கி மறுபடி நறுக்கினார்கள். அவருக்குத் தெரியாமல்தான்.

திரும்பும்போது நெய்வேலி பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமா கிடைத்த இடத்தில், கடைசி சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து ஆள் பேச்சுக் கொடுத்தார். மழை, வெயில், பஸ். பிறகு வழக்கமான கேள்வி.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

கம்பியைப் பிடித்து நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வடலூரு" என்றார்.

முன்னால் பெண்கள் சீட்டிலிருந்து அத்தை படாரென்று திரும்பினார். "இன்னும் அட்வான்ஸே குடுக்கல!" என்று அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சொன்னார். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது முகம். வீடு சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது.

இனி உங்களுக்கான விவரங்கள். கடலூர் மாவட்டத்தை இப்படிச் சுற்ற நினைத்தால் வடலூரையோ நெய்வேலியையோ தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பலாம், எங்களுக்கு எங்கேயும் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் பஸ் செலவு ஆளுக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. கிளைப் பாதை ரயிலை ஆசைக்காக ஒருமுறை ஏறுங்கள், பந்தயத்துக்காக ஏறாதீர்கள். வண்டிகள் குறைவு, நேரமும் மாறும், முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலூரில் எந்த ஸ்டேஷன் என்று இரண்டு தடவை கேளுங்கள். பலா மே, ஜூனில் நன்றாக இருக்கும். சுளையாக வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம்.

இந்த மாவட்டத்தின் பாதைகளைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்ற நினைப்பில்தான் கிளம்பினேன். எது எப்போது போட்டது, எது அகலமானது என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தவன். காணாமல் போன பாதையைப் பற்றி ஒருவரிடமும் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

போன வாரம் மாமா மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மீனா சொன்ன செய்தி இது: ஒவ்வொரு தடவை மனை பார்க்கப் போகும்போதும் மாமா டவுன்ஷிப்பிலிருந்து நேர் பஸ்ஸில் ஏறுவதில்லையாம். மந்தாரக்குப்பம் போய், ஸ்டாண்டில் செல்வராசு இருக்கிறாரா என்று பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி, "ஆலங்கொல்லை வழியா வடலூர் போப்பா" என்கிறாராம். அந்த மண்மேடு வரைக்கும் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்களாம். வெட்டிச் சுற்று. அத்தை ஒரு வார்த்தை சொல்வதில்லையாம்.